48 வருஷம் வீடு யாரிடம் இருந்தது?

கும்பகோணம் வீட்டுக் கூரையில் ஓடு மாற்றுவதற்காகக் கடன் கேட்டுப் போனோம். வங்கி வக்கீல் பத்திரங்களைப் புரட்டிவிட்டு, "1926க்கும் 1974க்கும் நடுவில் வீடு யாரிடம் இருந்தது?" என்று கேட்டார்.

"எங்களிடம்தான்" என்றார் அப்பா.

"எங்களிடம் என்றால் யாரிடம்?"

அப்பாவிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியை இறக்கினோம். இணையத்தில் வில்லங்கச் சான்றிதழ், அதாவது சொத்தின் பதிவு விவரம், 1975இலிருந்துதான் சுலபமாகக் கிடைத்தது; எங்கள் சிக்கல் முழுக்க அதற்கு முந்தையது.

பெட்டியில் இரண்டு பத்திரங்கள். ஒன்று, 1926இல் பெரிய தாத்தா, அதாவது தாத்தாவின் அண்ணன், தன் சம்பாத்தியத்தில் வாங்கிய கிரயப் பத்திரம். ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட முத்திரைத்தாள். ஒன்றரைப் பக்கத்துக்கு முற்றுப்புள்ளியே இல்லை. கிழமேலடி 18, தென்வடலடி 140; நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் உள்பட சகலமும் புத்திர பௌத்திர பாரம்பரியமாக, சூரிய சந்திரர் உள்ளவரை. நிட்சேபம் என்றால் புதையல். கிணறு தூர்வாரியபோது எங்களுக்குக் கிடைத்தது ஒரு பித்தளைப் பூட்டு, சாவி இல்லாமல்.

மற்றொன்று 1974இல் தாத்தா தன் பிள்ளைகளுக்கு எழுதிய பாகப்பிரிவினை. அதில் இந்த வீடு அப்பா பங்குக்கு வந்தது. தாத்தாவுக்கு எப்படி வந்தது என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது.

சாரங்கபாணி சந்நிதித் தெருவில் கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடும் இதே மாதிரி குறுகலான வீடுதான். அதை 2003இல் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் வாங்கி நினைவில்லமாக்கியது ஊருக்கே தெரியும். எங்கள் வீடு யாருடையது என்பது எங்களுக்கே தெரியவில்லை.

எங்களுக்குத் தெரிந்த வக்கீல் ஒருவர்தான் பொறுமையாக விளக்கினார். பெரிய தாத்தா 1941இல் குழந்தை இல்லாமல், உயிலும் எழுதாமல் இறந்தார். அன்றைய வழக்கப்படி அவருடைய தனிச்சொத்து பெரிய பாட்டிக்குத்தான் வரும். ஆனால் ஆயுள்வரை அனுபவிக்கத்தான். தக்க காரணமில்லாமல் விற்க முடியாது. அப்புறம் 1956 ஜூன் 17 அன்று இந்து வாரிசுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 14ஆம் பிரிவு, அப்படி ஒரு பெண் கையில் இருந்த சொத்தை அவளுக்கே முழு உரிமையாக்கிவிட்டது. ஆக, அன்றிலிருந்து 1971இல் கண்மூடும்வரை இந்த வீட்டுக்கு ஒரே முதலாளி பெரிய பாட்டி.

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அவருக்கு நினைவிருக்கும் பெரிய பாட்டி ரேழி மூலையில் பாய் போட்டுப் படுப்பவர். கொல்லையில் ஒரு நாரத்தங்காய் பறிப்பதென்றால்கூடத் தாத்தாவிடம் கேட்டுத்தான் பறிப்பாராம். வீட்டு வரி ரசீது எல்லாமே தாத்தா பேரில். வீடு தன்னுடையது என்று பெரிய பாட்டிக்கு யாரும் சொல்லியிருக்க வாய்ப்பில்லை. சொல்ல வேண்டியவர்களுக்கே தெரியாதே. தாத்தாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனாலும் அந்த நாரத்தங்காய் உறுத்துகிறது.

அதோடு முடியவில்லை. புருஷனும் பிள்ளையும் இல்லாத பெண்ணுக்குப் புருஷன் வழியில் வந்த சொத்து, அவள் காலத்துக்குப் பிறகு புருஷனின் வாரிசுகளுக்குப் போகும். 1971இல் பெரிய தாத்தா வழியில் உயிரோடு இருந்தவர்கள் இரண்டே பேர்: தம்பியான எங்கள் தாத்தாவும், மாயவரத்தில் வாழ்க்கைப்பட்ட தங்கையும். தம்பிக்கும் தங்கைக்கும் சமபங்கு. தாத்தா தன் பாதியை வைத்துக்கொண்டு முழு வீட்டையும் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்!

அத்தைப் பாட்டி இப்போது இல்லை. அவருக்கு ஒரே மகள். எனக்கு அத்தை முறை. பழமும் பூவும் வாங்கிக்கொண்டு மாயவரம் போனோம்.

"எங்கம்மாவுக்கு அந்த வீட்டுல பாதியா? தீபாவளிக்கு வந்தா ரெண்டு நாள்ல கிளம்பிடுவா. மூணாம் நாள் இருந்தா மன்னிக்குக் கஷ்டம்னு சொல்லுவா" என்று சிரித்தார் அத்தை. அவர் மகன் சிரிக்கவில்லை. அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு என்ன என்று கேட்டான். கேட்டது நியாயம்தான். மூன்று மாதம் போனில் பேசி ஒரு தொகைக்கு ஒத்துக்கொண்டோம். கடனில் ஒரு பகுதி அதற்கே போகும். அப்பாவுக்கு இன்னும் மனத்தாங்கல்தான்.

போன வாரம் அத்தை, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். எங்கள் வீட்டுக்கு மேற்கே இப்போது இருப்பது லாட்ஜ். பத்திரம் எழுதியவர் சக்குபந்தியை, அதாவது நான்கு பக்க எல்லைகளை, அப்படியே பழசிலிருந்து இறக்கியிருந்தார். 1926இல் அங்கே குடியிருந்தவர் வீடு என்றுதான் போட்டிருக்கிறது. நான் கவனித்தபோது பதிவு முடிந்துவிட்டது.