சேற்றைச் சுற்றிப் போகும் கால்கள்

சென்ற விடுமுறையில் பினாங்குக்குத் திரும்பியிருந்தபோது, மூன் கேட் என்ற வாயிலிலிருந்து கொடிமலைக்கு ஏறும் காட்டுப் பாதையை அளப்பதற்கு அப்பாவைத் துணைக்கு அழைத்துச் சென்றேன். ஓரிடத்தில் பாதையின் அகலம் தொண்ணூறு சென்டிமீட்டர். இருபது தப்படி தள்ளி மேலே போனால் மூன்று மீட்டருக்கும் மேல். நாடாவின் மறுமுனையைப் பிடித்திருந்த அப்பா, "இங்க மட்டும் ஏம்மா இவ்வளவு அகலம்?" என்று கேட்டார். நான் படிக்கும் படிப்பின் பெரும்பகுதி அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்தில் பூங்கா, மனமகிழ்வு அறிவியலில் இளங்கலைப் பட்டம் படிக்க எனக்கு இடம் கிடைத்தபோது, "புல்லு வெட்டவா இத்தனை வருஷம் படிக்கப் போற?" என்று அத்தை கேட்டார். எங்கள் தாத்தா பினாங்குத் தாவரவியல் பூங்காவில் புல் வெட்டியவர். 1884-இல் தொடங்கப்பட்ட அந்தப் பூங்காவின் அழகில் அவர் கைக்கும் பங்கு உண்டு என்பதால், அந்தக் கேள்வி என்னைச் சுடவில்லை. மண், மரம், சட்டம், வரவுசெலவு என்று பல பாடங்கள் இருந்தாலும், என்னை ஈர்த்தது மனிதர்களின் கால்தடம்தான்.

வெளிவகுப்புகளுக்குப் பூச்சோங் அருகேயுள்ள ஆயர் ஈத்தாம் காட்டுக்குப் போவோம். 1996-இல் சிலாங்கூர் அரசு 80 ஆண்டுக் குத்தகைக்குப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்த காடு அது. அங்கேதான் பாதை எப்படிச் சீரழிகிறது என்பதைக் கண்ணால் பார்த்தேன். பலர் மிதிக்க மிதிக்க மண் இறுகி, அதன் நுண்துளைகள் அடைபட்டு, மழைநீர் உள்ளே இறங்க வழியின்றிப் பாதையிலேயே தேங்குகிறது. தேங்கிய இடம் சேறாகிறது. காலணி நனையாமலிருக்க ஒவ்வொருவரும் ஓரமாக ஒதுங்கி நடக்க, ஓரத்துச் செடிகள் மடிந்து, மர வேர்கள் வெளியே தெரிய, அந்த ஓரமும் சேறாகிறது. இதற்குச் சிமெண்டு கொட்டுவதைவிட நீரை வெளியேற்றுவதே மேல். பாதையின் சரிவு மலைச்சரிவில் பாதிக்கு மிகாமலும், அதன் வெளிவிளிம்பு சற்றே தாழ்ந்தும் இருந்தால், நீர் பாதையோடு ஓடாமல் குறுக்கே வழிந்துவிடும். இவ்வளவு சிறிய ஒரு தாழ்வு, ஒரு பாதையின் ஆயுளையே கூட்டிவிடுகிறது என்பது இன்றும் எனக்கு வியப்பே.

ஓரிடம் எத்தனை பேரைத் தாங்கும் என்று எண்ணிக்கையைத் தேடியே முன்பெல்லாம் திட்டமிட்டார்கள். 1985-இல் அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் கேள்வியையே மாற்றி, அவ்விடத்தில் எவ்வளவு மாற்றத்தை நாம் ஏற்கலாம் என்று கேட்டார்கள். கேள்வி இப்படி மாறியது எனக்கு மிகவும் பிடிக்கும். நூறு பேர் சேற்றின் நடுவே நடந்து போனால் பாதை அகலாது; பத்துப் பேர் சுற்றிப் போனாலே அகலத் தொடங்கிவிடும். ஆகவே தலைகளை எண்ணுவதோடு நிறுத்தாமல், பாதையின் அகலத்தையும் வெளித்தெரியும் வேர்களையும் ஆண்டுதோறும் ஒரே இடத்தில் அளந்துவர வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் ஒரு வேரின்மேல் அமர்ந்தபடி அப்பாவிடம் சொன்னேன். அவர் எதுவும் பேசவில்லை. இறங்கும்போது அதே இடம் வந்தது. முந்தின இரவு பெய்த மழையில் நடுப்பாதை குழம்பிக் கிடந்தது. அப்பா கால்சட்டையைச் சற்றே உயர்த்திக்கொண்டு, வெள்ளைக் கேன்வாஸ் காலணியோடு சேற்றின் நடுவிலேயே இறங்கி நடந்தார்.