இரண்டு குரல், பதினான்கு புத்தகம்

ஜனவரி 12, 2025

ராபர்ட் ஜோர்டனின் மாயாஜாலக் கதைத்தொடர் 'தி வீல் ஆஃப் டைம்', ஒலிநூலாக. ஏழாம் புத்தகம் கேட்டு முடிந்தது. 14 புத்தகத்தில் சரிபாதி. முன்கதையான 'நியூ ஸ்பிரிங்'கை நான் கணக்கில் சேர்க்கவில்லை, அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முழுத் தொடரும் கிட்டத்தட்ட 460 மணிநேரம் என்பார்கள், அதாவது தூங்காமல் சாப்பிடாமல் கேட்டால்கூட 19 நாள். நான் பாத்திரம் கழுவும்போதும் நடக்கும்போதும் துணி மடிக்கும்போதும் கேட்கிற ஆள், அதனால் ஆண்டுக்கணக்கு ஆகிறது.

இந்தத் தொடரை ஒலிநூலாகக் கேட்காதவர்களுக்காக ஒரு விஷயம். வாசிப்பவர்கள் இருவர், மைக்கேல் கிராமர், கேட் ரீடிங். கணவன் மனைவி. கதை ஆணின் பார்வையில் போகும்போது கிராமர் வாசிப்பார், பெண்ணின் பார்வைக்கு வந்தால் ரீடிங். அத்தியாயத்தின் நடுவில் பார்வை மாறினாலும் குரல் மாறிவிடும். இதனால் ஒரு வேடிக்கை, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இரண்டு குரல் இருக்கிறது. கிராமர் வாசிக்கையில் கதாநாயகன் ராண்ட் குழம்பிப்போன ஒரு பையன், அவனுக்குள் என்ன ஓடுகிறது என்று நமக்குத் தெரியும். அதே ராண்ட் ரீடிங்கின் பகுதியில் வந்து நின்றால் கொஞ்சம் முரடன், கிட்டே போகவே யோசிக்க வைப்பவன். மற்றவர்கள் கண்ணுக்கு அவன் எப்படித் தெரிகிறான் என்று தனியாக யாரும் விளக்க வேண்டியதில்லை, காதிலேயே விழுந்துவிடுகிறது.

ஜனவரி 30

எட்டாவது ஓடிக்கொண்டிருக்கிறது. பெயர்கள் படுத்துகின்றன. இந்தத் தொடரில் பெயருள்ள பாத்திரங்கள் இரண்டாயிரத்துக்கும் மேல், அதில் பாதிப் பேர் ஏஸ் செடாய் (மந்திர சக்தி உள்ள பெண்களின் கூட்டம்) பெண்களோ என்று தோன்றும் அளவுக்கு ஒரே மாதிரி ஒலிக்கிற பெயர்கள். தாளில் படிப்பவர்கள் எழுத்தை வைத்து அடையாளம் வைத்துக்கொள்வார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. நாலு புத்தகத்துக்கு முன்னால் ஒரு விடுதியில் வந்துபோன பெண் திடீரென்று திரும்பி வருவாள், யாரென்று தேடலாமென்றால் எழுத்துக்கூட்டத் தெரியாது. தோராயமாகத் தட்டினால் தேடுபொறி உதவிக்கு வரும், கூடவே 'மரணம்' என்ற சொல்லையும் பக்கத்தில் போட்டுக் காட்டும். ஒரு முக்கியமான ஆளின் முடிவு எனக்கு இப்படித்தான் தெரியவந்தது. அப்புறம் தேடுவதே இல்லை. யாரென்று தெரியாவிட்டால் பேசவிட்டுக் கேட்கிறேன், பெரும்பாலும் ரெண்டு பக்கத்துக்குள் பிடிபட்டுவிடும்.

பிப்ரவரி 23

பத்தாம் புத்தகம், 'கிராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்வைலைட்', 2003இல் வந்தது. எல்லோரும் பயமுறுத்துகிற புத்தகம். எட்டு முதல் பத்து வரையிலான பகுதிக்கு ரசிகர்கள் வைத்த பெயரே 'ஸ்லாக்', சேற்றில் கால் புதைய நடப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் புத்தகத்தின் முடிவில் மிகப் பெரிய காரியம் ஒன்று நடக்கிறது. கேட்டு முடித்து எழுந்து நடந்தேன், அப்படி ஒரு கட்டம். அடுத்து என்ன என்று பத்தாவதைத் திறந்தால், அந்தக் காரியம் நடந்துகொண்டிருந்த அதே நேரத்தில் மற்றவர்கள் எங்கெங்கே என்னென்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று திரும்ப முதலிலிருந்து. ஒருத்தி தூரத்தில் ஏதோ பெரிய சக்தியை உணர்கிறாள். சரி. இன்னொருத்தியும் உணர்கிறாள். சரி. மூன்றாவதாகவும் ஒருத்தி. எலெய்ன் என்கிற இளவரசி குளிக்கிறாள், குளித்துக்கொண்டே இருக்கிறாள்.

தாளில் என்றால் கண் தானாகத் தாவும். பாவாடை ஓரத்துப் பூவேலை என்ன நிறம் என்று ஜோர்டன் தொடங்கியதும் பழகிய வாசகர் அடுத்த பத்திக்குப் போய்விடுவார். காதுக்கு அந்தத் தாவல் கிடையாது. பூவேலையை ஒவ்வொரு நூலாகக் கேட்டே தீர வேண்டும். நைனீவ் என்றொருத்தி எதற்கெடுத்தாலும் சடையைப் பிடித்து இழுப்பதையும் ஒவ்வொரு முறையும் ரீடிங் உயிரோடு வாசிக்கிறார், அதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் புத்தகத்தில் சலித்துப்போய்ப் பாதியில் தொடரையே விட்டவர்கள் பெரும்பாலும் தாளில் படித்தவர்களாகத்தான் இருப்பார்கள் என்பது என் கணிப்பு. கேட்பவர் கை வேலையில் இருக்கிறது, கதை பக்கத்தில் ஓடுகிறது. கதை நின்றாலும் வேலை நிற்காது. ஜன்னல் எல்லாம் துடைத்தாயிற்று.

மார்ச் 9

வேகத்தை 1.5 ஆக்கிப் பார்த்தேன். கிராமர் இயல்பிலேயே நிதானமாக வாசிப்பவர், 1.25இல்தான் எனக்கு அவர் சாதாரணமாகப் பேசுவது போல இருக்கும். 1.5இல் வாக்கியங்களுக்கு நடுவிலுள்ள மூச்செல்லாம் காணாமல் போகிறது. செயலிகள் குரலின் சுருதியை ஏற்றாமல் வேகத்தை மட்டும் கூட்டுகின்றன, அதனால் யாரும் கீச்சென்று பேசுவதில்லை, எல்லோரும் அவசரத்தில் இருக்கிறார்கள், அவ்வளவுதான். லோயல் என்றொரு பாத்திரம் உண்டு, ஓகியர் இனம், நூறு வயதைத் தொட்டவனை வாலிபன் என்று சொல்கிற கூட்டம். அவசரம் என்றாலே அவர்களுக்கு ஆகாது. ஆழ்ந்த குரலில் ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துப் பேசுவான். 1.5இல் அவன் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறவன் மாதிரிப் பேசுகிறான். திரும்ப 1.25க்கே வந்துவிட்டேன்.

ஏப்ரல் 17

பதினொன்று முடிந்தது. 'நைஃப் ஆஃப் ட்ரீம்ஸ்', 2005. கதை மறுபடி ஓடுகிறது, முடிச்சுகள் அவிழ்கின்றன, இத்தனை நாள் எங்கேயப்பா இருந்தாய் என்று கேட்கத் தோன்றியது. ராபர்ட் ஜோர்டன் தன் கையால் எழுதி முடித்த கடைசிப் புத்தகமும் இதுதான். 2007 செப்டம்பரில் இறந்துவிட்டார், இதய நோய். தனக்கு நேரம் குறைவு என்று தெரிந்ததும் முடிவு எப்படிப் போக வேண்டும் என்று குறிப்புகள் எழுதிவைத்தார், முடியாதபோது வாயால் சொல்லிப் பதிவுசெய்யவும் வைத்தார். அவருடைய மனைவி ஹாரியட் மெக்டூகல்தான் அவருக்கு எடிட்டரும். மீதியை எழுத ஹாரியட் தேர்ந்தெடுத்து அழைத்தது பிராண்டன் சாண்டர்சனை. ஒரு புத்தகமாக முடிக்கத் தொடங்கியது மூன்றாகப் போயிற்று: 2009, 2010, 2013.

அடுத்ததைத் தொடங்க ஒரு தயக்கம். ஆளே மாறுகிறார் அல்லவா.

மே 4

தயக்கமெல்லாம் வீண். பன்னிரண்டாவதைத் தொடங்கி ரெண்டு மணிநேரத்தில் ஆள் மாறியது மறந்தே போயிற்று. வாக்கியங்கள் சின்னதாகியிருக்கின்றன, காட்சிகள் சட்டென்று வெட்டி நகர்கின்றன, துணிமணி வர்ணனை குறைந்துவிட்டது (அப்பாடா). ஆனால் இதெல்லாம் யோசித்துப் பார்த்தால் தெரிகிறது. கேட்கும்போது அதே கிராமர், அதே ரீடிங், அதே எக்வீன்.

மே 11

அக்காவோடு போனில் சண்டை, மாட் என்கிற பாத்திரத்தை வைத்து. அவள் இந்தத் தொடரைப் பல வருஷத்துக்கு முன்னால் தாளில் படித்தவள். "மாட் பேசுறதைக் கேட்டியா? அது மாட்டே இல்லடா. ஜோக் அடிக்கணும்னே ஜோக் அடிக்கிறான்" என்றாள். பன்னிரண்டாம் புத்தகத்தின் மாட்டைப் பற்றி நிறைய வாசகர்களுக்கு இதே குறைதான். எனக்கு அப்படி ஒன்றும் உறுத்தவில்லையே அக்கா என்றேன். "எப்படி உறுத்தும்? நீ ஜோர்டனையா கேட்டே? கிராமரைத்தானே கேட்டே!"

பதில் சொல்ல வரவில்லை. போனை வைத்த பிறகு மாட் வரும் அத்தியாயம் ஒன்றைத் திரும்பக் கேட்டேன், கிராமரின் குரலை விட்டுச் சொற்களை மட்டும் பிடிக்க முயன்று. அவள் சொன்னது சரி. நகைச்சுவை நீட்டி முழக்கி வருகிறது, முன்பு அவன் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவான். ஆனால் கிராமர் அந்தப் பழைய இழுவையோடு, அந்தப் பழைய அலுப்போடு சொல்லும்போது அது மாட்டாகத்தான் இருக்கிறது. எழுத்தில் இருந்த விரிசலைக் குரல் பூசிவிட்டிருக்கிறது.

மே 25

டிவி தொடரை 3 சீசனோடு நிறுத்திவிட்டார்களாம். நான் முதல் சீசன் மட்டும் பார்த்தேன், என் தலைக்குள் இருந்த முகங்களைக் கலைத்துவிடும் என்று பயந்து அதோடு விட்டுவிட்டேன். அதில் மொய்ரேனாக நடித்த ரோசமண்ட் பைக் 2021 முதல் இந்தப் புத்தகங்களைப் புதிதாக வாசித்துப் பதிவுசெய்து வருகிறார். மாதிரித் துண்டைக் கேட்டேன். அருமையாக வாசிக்கிறார், நடிகை அல்லவா, ஊருக்கு ஊர் உச்சரிப்பை மாற்றுகிறார். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குத் தைரியமாகச் சொல்வேன், அதை எடுங்கள் என்று. எனக்கு முடியாது. பதிமூன்றாவது புத்தகத்தில் நிற்கிற ஒருவனிடம் வந்து லோயலுக்குப் புதுக் குரல் என்றால் எப்படி.

ஜூன் 15

அக்கா சொன்னது இன்னும் தலையில் ஓடுகிறது. எதிர்த்திசையிலும் யோசித்துப் பார்த்தேன், எழுதியவர் அப்படியே இருந்து வாசிப்பவர் மட்டும் மாறிய தொடர்கள் எத்தனை என்று. ஒவ்வொன்றும் ஒரு கலவரம்.

ஜிம் புட்சரின் 'டிரெஸ்டன் ஃபைல்ஸ்' என்றாலே ஜேம்ஸ் மார்ஸ்டர்ஸ்தான், மந்திரவாதித் துப்பறிவாளன் ஹாரி தன் கதையைத் தானே சொல்கிற தொடர் அது, அந்தக் குரல்தான் ஹாரி. 2011இல் 'கோஸ்ட் ஸ்டோரி' வந்தபோது மார்ஸ்டர்ஸ் கிடைக்கவில்லை, ஜான் குளோவர் வாசித்தார். குளோவர் மட்டமான வாசிப்பாளர் கிடையாது. ஆனால் 'நான்' என்று சொல்கிற ஆள் ஒரு நாள் காலையில் வேறு தொண்டையோடு எழுந்தால் யார் ஒத்துக்கொள்வார்கள்? கடைசியில் 2015இல் மார்ஸ்டர்ஸை வைத்து அதே புத்தகத்தைத் திரும்பப் பதிவுசெய்தார்கள்.

மாலசான் தொடரில் முதல் மூன்று புத்தகம் ரால்ஃப் லிஸ்டர், நான்காவதிலிருந்து மைக்கேல் பேஜ். பெயர்களின் உச்சரிப்பே மாறுகிறது. ஏற்கெனவே யார் யாரென்று புரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் தொடர். அங்கே போய்.

'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' ('கேம் ஆஃப் த்ரோன்ஸ்' டிவி தொடரின் மூலக்கதை) இன்னும் விசித்திரம். ராய் டாட்ரிஸ் முதல் புத்தகத்தில் 224 பாத்திரங்களுக்குத் தனித்தனிக் குரல் கொடுத்துக் கின்னஸில் இடம்பிடித்தவர். நான்காம் புத்தகம் 2005இல் வந்தபோது ஜான் லீ வாசித்தார், பிறகு டாட்ரிஸே வந்து அதையும் வாசித்துக் கொடுத்தார். ஐந்தாவது வந்தது 2011இல். இடையில் அத்தனை வருஷம், இருநூறு குரலையும் யார் ஞாபகம் வைத்திருப்பது? சில பாத்திரங்கள் ஐந்தாவதில் புது ஆளாகப் பேசுகிறார்கள், டெனேரிஸ் உட்பட. எழுதியவரும் மாறவில்லை, வாசித்தவரும் மாறவில்லை, ஆனாலும் குரல் மாறிவிட்டது. டாட்ரிஸ் 2017இல் காலமானார். ஆறாவது புத்தகம் என்றைக்கு வந்தாலும் வேறொருவர்தான் வாசிக்கப்போகிறார், அன்றைக்குப் புத்தகமாகப் படிப்பவர்கள் கொண்டாடுவார்கள், கேட்பவர்கள் பாதி மனதோடுதான் இருப்பார்கள்.

ஆக, நான் பின்தொடர்வது எழுத்தாளரை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தது அவ்வளவு உண்மை இல்லை. ஜோர்டன் போனது எனக்குச் செய்தி. கிராமர் மாறியிருந்தால் தொடரே நின்றிருக்கும்.

ஜூலை 20

கடைசிப் புத்தகம். 37ஆம் அத்தியாயம்.

இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். 'தி லாஸ்ட் பேட்டில்' என்று தலைப்பு. ஒரே அத்தியாயம், கிட்டத்தட்ட 80,000 சொற்கள். பல நாவல்களே அவ்வளவு நீளம் இல்லை. ஒலியில் எட்டு மணிநேரத்துக்கு மேல் போகிறது. தாளில் படிப்பவர்களுக்கு அது ஒரு தடிமன், அவ்வளவுதான். கேட்பவர்களுக்கு நடைமுறைச் சிக்கல். ஸ்லீப் டைமரில் 'அத்தியாயம் முடியும்வரை' என்று வைத்துப் படுக்கிற பழக்கம் உள்ளவர்களுக்குச் சொல்கிறேன், இந்த அத்தியாயத்தில் அதைச் செய்யாதீர்கள், விடிகிறவரை போர் நடக்கும், காலையில் யார் செத்தார்கள் யார் பிழைத்தார்கள் என்று தெரியாது. அத்தியாயங்களை வைத்துத் தேடவும் முடியாது, செயலியின் கோட்டில் விரலை ஒரு மயிரிழை நகர்த்தினால் இருபது நிமிடம் தாவுகிறது.

ஆனால் அனுபவம்? பார்வை நொடிக்கு நொடி மாறுகிறது, கிராமர், ரீடிங், கிராமர், கிராமர், ரீடிங். முதல் புத்தகத்தில் எப்போதாவதுதான் குரல் மாறும், ராண்டின் பக்கமே பெரும்பாலும். இங்கே ஒருவர் மூச்சு விடுவதற்குள் மற்றவர் எடுத்துக்கொள்கிறார். தாளில் அது மூன்று நட்சத்திரக் குறியும் ஒரு வெற்றுவரியும். காதில் அது ஆள் மாறி ஆள் ஓடிவந்து சேதி சொல்வது. அக்காவிடம் இதைச் சொன்னேன். "ம்ம்" என்றாள். அவளைப் பொறுத்தவரை அது பெரிய ஒப்புதல்.

ஆகஸ்ட் 3

முடிந்தது. கடைசிக் காட்சியை ஜோர்டனே எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார் என்று சாண்டர்சன் சொல்லியிருக்கிறார். அது தெரிந்துதான் கேட்டேன், இந்த முறை எழுத்தைப் பிடிக்க முடிகிறதா பார்க்கலாம் என்று. இரண்டு முறை கேட்டேன். பிடிபட்டது என்று அக்காவிடம் பீற்றிக்கொள்ள ஆசைதான், ஆனால் கிராமர்தான் கேட்டது.

ஆகஸ்ட் 10

அடுத்து எது என்று ஒரு வாரமாகக் குழப்பம். 'நியூ ஸ்பிரிங்' இருக்கிறது, சின்னது, அவசரமில்லை. டெர்ரி பிராட்செட்டின் நகைச்சுவைத் தொடரான டிஸ்க்வேர்ல்டின் புதுப் பதிவுகளை எல்லோரும் புகழ்கிறார்கள், தொடரின் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு வாசிப்பாளர், அடிக்குறிப்புக்கென்றே தனியாகப் பில் நை, 'மரணம்' என்கிற பாத்திரம் பேசுவதற்குப் பீட்டர் செராஃபினோவிச். அடிக்குறிப்புக்குத் தனி ஆள் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த யோசனை. ஆனால் அங்கே தொடங்கினால் 40 புத்தகம்.

கடைசியில் 'ஸ்டார்ம்லைட் ஆர்கைவ்'. சாண்டர்சனின் சொந்தத் தொடர், பத்துப் புத்தகமாகத் திட்டம், ஐந்தாவது 2024 டிசம்பரில் வந்து முதல் பாதி முடிந்திருக்கிறது. முதல் புத்தகமே 45 மணிநேரம், ஐந்தாவது 60ஐத் தாண்டுகிறது, ஒலிநூல் சந்தாவில் ஒரு புத்தகத்துக்கு ஒரு கிரெடிட்தான், அதற்கு இதைவிட லாபம் கிடையாது. ஏன் இதை எடுத்தாய் என்று அக்கா கேட்டாள். சாண்டர்சன் நன்றாக எழுதுகிறார் என்றேன்.

"யாரு வாசிக்கிறா?"

சிரித்துவிட்டேன். அவளும்தான். கிராமரும் ரீடிங்கும்.