போத்தல் வெடித்த காலை

"நாளைக்கு ஆராவது கொஞ்சம் கள்ளுக் கொண்டு வாங்கோ, மதுவம் பாப்பம்" என்றார் தாவரவியல் மாஸ்ரர். மதுவம் என்றால் கள்ளைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட். உயர்தர வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். நான் கையைத் தூக்கிவிட்டேன்.

எங்கள் வீட்டில் கள்ளு என்ற சொல்லே ஆகாது. தவறணைப் பக்கம் போய்வரும் ஒரு மாமாவைப் பிடித்து, சுண்ணாம்பு பூசாத முட்டியில் இறக்கிய பனங்கள்ளில் அரைப் போத்தல் வாங்குவித்தேன். ஒழுகினால் புத்தகங்கள் பாழாகிவிடும் என்று தக்கையை அடித்து இறுக்கினேன். சுண்ணாம்பில்லாத கள்ளு நுரைத்துக்கொண்டே இருக்கும் என்பது அப்போது மூளையில் ஏறவில்லை. மறுநாள் காலைப் பிரார்த்தனையில், தேவாரம் பாதியில் இருக்கும்போது, பைக்குள் வெடித்தது. மண்டபம் முழுக்கத் தவறணை வாசம்.

கையில் இரண்டு பிரம்படி. அடித்தவர் யார் என்பது இங்கே வேண்டாம். அப்புறம் மாஸ்ரர் போத்தலின் அடியில் மிஞ்சியதில் ஒரு துளியை வழுக்கியில் இட்டு, என்னைத்தான் முதலில் கூப்பிட்டார். கை எரிய எரிய நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தேன். முட்டை வடிவக் கலங்கள், ஒன்றின் தோளில் இன்னொன்று அரும்பிக்கொண்டிருந்தது. எரிவு எங்கே போனதென்று தெரியவில்லை.

கனடா வந்தபின் மொன்றியலில் ஓர் ஆய்வுகூடத்தில் மதுவங்களோடுதான் சீவியம் போனது. கள்ளு மதுவம் மதுசாரம் செய்யும், எண்ணெய் சேர்க்காது. நாங்கள் வளர்த்தது எண்ணெய் சேர்க்கும் யரோவியா லிபோலிட்டிக்கா என்ற மதுவம். உலர் எடையில் 20 வீதத்துக்கு மேல் கொழுப்புச் சேர்த்தால்தான் எண்ணெய் மதுவம் என்பார்கள். அதற்கு ஒரு தந்திரம் உண்டு: சீனியை அள்ளிக் கொடுத்து, நைதரசனைப் பட்டினி போட வேண்டும். நைதரசன் இல்லாமல் புரதம் கட்ட முடியாது, கலம் பிரியாது. சிற்றிக் அமிலம் தேங்கும். அதைப் பிளந்து கொழுப்பமிலமாக்கித் துளி துளியாகக் கலத்துக்குள் அடுக்கிவிடும். பட்டினியில் கொழுக்கும் சீவன்!

மூளை ஆய்வுக்கும் மொன்றியல் பேர்போன இடம். மக்கில் பல்கலைக்கழகத்தில் ஓல்ட்ஸும் மில்னரும் எலியின் மூளைக்குள் மின்கம்பி செருகி, அது தானே மின் தூண்டலுக்காக நெம்புகோலை ஓயாமல் அழுத்துவதைக் கண்டு 1954 இல் வெளியிட்டார்கள். வெகுமதிச் சுற்று, அதாவது இன்பத்தை உணர்த்தி 'இன்னும் வேண்டும்' என்று தூண்டும் மூளைப் பாதை, என்று நாம் பேசுவதெல்லாம் அங்கிருந்து கிளைத்தது.

எண்ணெயையும் மூளையையும் எனக்கு இணைத்துக் காட்டியது அரக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பமிலம். மோர்ட்டியரெல்லா அல்பினா என்ற பூஞ்சணத்தின் எண்ணெயிலிருந்து அதை எடுத்துக் குழந்தைப் பால்மாவில் சேர்க்கிறார்கள். நம் உடம்பில் அதே அமிலம் ஒரு வழியில் புரொஸ்டாகிளாண்டின் என்ற பொருளாகி, வலி நரம்பின் முனையைக் கூராக்கும். அஸ்பிரின் அடைப்பது இந்த வழியைத்தான். அதை ஜோன் வேன் என்ற மருந்தியலாளர் 1971 இல் காட்டினார். இன்னொரு வழியில் அது ஆனந்தமைட் என்ற மூளைப் பொருளாகும். 1992 இல் ஜெருசலேமில் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுத்தவர்கள் நம்முடைய 'ஆனந்த'த்தையே பெயராக்கினார்கள். வலியைத் தணிக்கும், வெகுமதிச் சுற்றின் கடிவாளத்தைத் தளர்த்தும் கூட்டத்தில் அதுவும் ஒன்று. வேடிக்கை என்னவென்றால், மிளகாய் எரிவு நுழைகிற அதே வாசலையும் அது தட்டும்.

மாஸ்ரர் இன்று இருந்தால் இதையெல்லாம் ஆசையோடு சொல்லியிருப்பேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர், "அது சரி, தக்கையை ஏன்ரா அவ்வளவு இறுக்கினனி?" என்றுதான் கேட்டிருப்பார்.