காரைக்குடியிலிருந்து ஒரு மிகுபுனைவு இதழ்

மிகுபுனைவுக் கதைகளுக்கென்றே, அதாவது ஃபேன்டசி கதைகளுக்கென்றே, ஒரு காலாண்டிதழை நாங்கள் மூன்று நண்பர்கள் சேர்ந்து காரைக்குடியிலிருந்து கொண்டுவந்திருக்கிறோம். முதல் இதழ் சந்தாதாரர்கள் கைக்குப் போய்விட்டது. அதைப் பார்த்த சிலர், தாங்களும் ஓர் இதழ் தொடங்க நினைப்பதாகவும் எதிலிருந்து ஆரம்பிப்பது என்றும் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது. இதழின் பெயரை இங்கே சொல்லவில்லை, இது விளம்பரம் அல்ல.

ஏன் மிகுபுனைவு மட்டும் என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது. மாயம், இல்லாத ஊர், பேசும் மரம் என்று எதையாவது எழுதி அனுப்பினால் "சிறுவர் இதழுக்கு முயன்று பாருங்கள்" என்று பதில் வந்த அனுபவம் எங்கள் மூவருக்கும் உண்டு. ஆனால் விக்கிரமாதித்தன் கதை போன்ற நம் பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்கள் குழந்தைகளுக்காகவா அச்சானவை? ஒருவர் உரக்கப் படிக்க, ஊர்ப் பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்ட கதைகள் அவை. 1947இல் அம்புலிமாமா வந்த பிறகு மாயக்கதை என்றாலே சிறுவர்களுக்கு என்ற எண்ணம் ஊன்றிவிட்டது என்று நினைக்கிறேன். அம்புலிமாமாவைப் படித்து வளர்ந்தவன்தான் நானும், அதன்மேல் குறை சொல்லவில்லை. வளர்ந்த பிறகு படிக்க அந்த வகையில் ஓர் இதழ் வேண்டும் என்பதுதான் ஆசை. அமெரிக்காவில் 1923லேயே 'வியர்ட் டேல்ஸ்' என்று பெரியவர்களுக்கான விசித்திரக் கதை இதழ் தொடங்கிவிட்டது.

சென்னையில் தொடங்குங்கள், அங்கேதான் எல்லாம் கிடைக்கும் என்றார்கள். எங்களுக்கு அதில் மனமில்லை. 1920களில் 'தனவைசிய ஊழியன்', 'குமரன்' என்ற இதழ்கள் காரைக்குடியிலிருந்துதான் வந்தன. பக்கத்துக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்த ரோஜா முத்தையா, தன் வீட்டில் பழைய நூல்களையும் இதழ்களையும் சேர்த்துக்கொண்டே இருந்தார். 1992இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. இன்று அது சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. இதழ்களை இவ்வளவு நேசித்த மண்ணில் இதழ் நடத்த முடியாதா என்ன?

சரி, இதழை அரசிடம் பதிவு செய்யும் விஷயம். 1867ஆம் ஆண்டின் பழைய பதிவுச் சட்டம் போய், 2023இல் இயற்றிய பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தலைப்புக்கும் பதிவுக்கும் தனித்தனியே அலைய வேண்டாம், 'பிரஸ் சேவா' இணையதளத்தில் ஒரே விண்ணப்பம் போதும். அது இதழ்களைப் பதிவு செய்யும் மத்திய அரசுப் பதிவாளருக்கும் மாவட்ட அதிகாரிக்கும், எங்களுக்கு என்றால் சிவகங்கைக்கு, ஒரே நேரத்தில் போய்விடும். மாவட்டத் தரப்பு கருத்துச் சொல்ல 60 நாள் அவகாசம். சிக்கல் தலைப்பில்தான் வந்தது. தமிழில் இந்தியாவின் எந்த மூலையிலும், வேறு மொழி என்றால் நம் மாநிலத்துக்குள்ளும், அதே தலைப்போ அதைப்போன்ற தலைப்போ இன்னொருவர் கையில் இருக்கக் கூடாது. அழகான ஒற்றைச் சொல் பெயர்களில் பலவற்றுக்கு ஏற்கெனவே யாரோ உரிமையாளர். இரண்டு சொல் பெயராக யோசியுங்கள். அச்சகமும் அதே தளத்தில் தன் விவரங்களைத் தெரிவித்திருக்க வேண்டும், அச்சகத்தாரிடம் முதல் பேச்சிலேயே இதைக் கேட்டுவிடுங்கள். பல சிற்றிதழ்கள் பதிவு செய்யாமல் 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று போட்டு வருகின்றன, அது நம் சிற்றிதழ் மரபு. நாங்கள் கடைகளிலும் வைத்து விற்க நினைத்ததாலும், நூல் மதிப்புரைகளும் இலக்கிய நிகழ்வுச் செய்திகளும் போடுவதாலும் பதிவு செய்தோம்.

இதெல்லாம் பொறுமை இருந்தால் நடந்துவிடும். கதை தேர்ந்தெடுப்பதுதான் உண்மையான வேலை.

கதை கேட்டு அறிவித்ததும் நிறைய வந்தன. பாதிக்கு மேல் டிராகனும் பனிமூடிய கோட்டையும். மார்கழிக் குளிருக்கே சால்வை தேடும் ஊரில் இருப்பவர் பனிப்புயலை எழுதக் கூடாது என்றில்லை, ஆனால் அந்தப் பனியை அவர் தன் கற்பனையில்கூடத் தொட்டுப் பார்த்திருக்கவில்லை. இன்னொரு வகை, செயற்கை நுண்ணறிவு இயந்திரத்திடம் எழுதி வாங்கிய கதைகள். 2023 பிப்ரவரியில் 'கிளார்க்ஸ்வேர்ல்ட்' என்ற அமெரிக்க இதழ், இப்படிப்பட்ட கதைகள் குவிந்ததால் கதை வாங்குவதையே சில காலம் நிறுத்தி வைத்தது. எங்களுக்கு அந்த அளவுக்கு வரவில்லை. ஆனாலும் ஒரே மாதிரி தொடங்கி, ஒரே மாதிரி உருகி முடியும் கதைகளை இரண்டு பக்கத்திலேயே கண்டுகொள்ள முடிந்தது.

நம் ஊர் மண்ணிலிருந்து வந்த கதைகளில் வேறொரு கேள்வி எழுந்தது. கிராமத் தெய்வத்துக்கு மண்குதிரை செய்து வைக்கும் புரவியெடுப்புத் திருவிழாவில் வைத்த குதிரை இரவில் உயிர்பெறுவது, காவல் தெய்வமான கருப்பர் ஊர்க்காவல் வருவது என்று பலர் எழுதியிருந்தார்கள். ஒரு கதையில் கருப்பரையே கொடூரமானவராகக் காட்டியிருந்தது. நல்ல நடை, எனக்குப் போடலாம் என்றுதான் இருந்தது. அதை என் அப்பத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "கருப்பர் நடக்குறதை நீ கற்பனைன்னு புஸ்தகத்துல போட்டா, நான் இத்தனை வருஷமா கும்பிடுறது என்னப்பா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குப் பதில் தெரியவில்லை. மூவரும் நாள் கணக்கில் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம்: இன்றைக்கும் பூசை நடக்கும் சாமியை, ஊர்ப் பெயரோடு, கதையின் பாத்திரமாக்க வேண்டாம். எழுதுபவர் தன் கதைக்கென்று ஒரு காவல் தெய்வத்தைப் படைத்துக்கொள்ளட்டும். அதற்கு அவரே பெயர் வைக்கட்டும், கோபமும் கருணையும் கொடுக்கட்டும். இதைத் தணிக்கை என்று சில நண்பர்கள் வருத்தப்பட்டார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. புதிதாக ஒரு தெய்வத்தைப் படைக்கச் சொன்ன பிறகு வந்த திருத்தங்கள் முதல் வடிவத்தைவிட எவ்வளவோ நன்றாக இருந்தன.

முதல் இதழில் எனக்கு மிகவும் பிடித்த கதையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரங்கூனில் செட்டியார்களின் வட்டிக்கடையான கிட்டங்கி ஒன்றில் பணத்துக்குப் பதிலாக ஆயுளைக் கடன் கொடுக்கிறார்கள், வட்டியும் ஆயுளாகவே வசூலாகிறது. அங்கே எடுபிடி வேலை செய்யும் பெட்டியடிப் பையன் ஒருவன் சொல்வதாகக் கதை. அருமையான எண்ணம், ஆனால் பாதியில் தொய்ந்துவிட்டது. நாங்கள் ஒரே ஒரு கேள்வி எழுதி அனுப்பினோம்: வசூலான வட்டி யாருக்குப் போகிறது? கடையை நடத்தும் மேலாளுக்கா, ஊரில் இருக்கும் முதலாளிக்கா? எழுதியவர் அதை யோசித்திருக்கவில்லை. திருத்தி வந்த கதையில், முதலாளி இங்கே செட்டிநாட்டு வீட்டின் முகப்புத் திண்ணையில் சாக முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். பேரன்கள் போய்ச் சேர்ந்த பிறகும் கப்பலில் வட்டி வந்துகொண்டே இருக்கிறது. 1942இல் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தபோது பேரேடு எரிந்துபோக, அன்றுதான் அவருக்கு விடுதலை. மாயத்துக்கு ஒரு கணக்கு இருக்க வேண்டும், அந்தக் கணக்கை எழுதுபவர் கடைசிவரை மீறக் கூடாது. இந்த ஒரு விதியை வைத்துத்தான் மற்ற எல்லாக் கதைகளையும் படித்தோம்.

எழுதியவர்களுக்கும் ஓவியருக்கும் அச்சுக்குப் போகுமுன்பே பணம் கொடுத்தோம். பெரிய தொகை இல்லை. ஆனால் அச்சகத்துக்கும் தாள் கடைக்கும் பணம் கொடுத்துவிட்டு, எழுதியவருக்கு மட்டும் நன்றி சொல்வது நியாயமில்லை. பட்ஜெட் போடும்போது இதை முதல் வரியாக எழுதுங்கள், கடைசி வரியாக எழுதினால் அது நடக்கவே நடக்காது.

அச்சு சிவகாசியில். டெம்மி 1/8 என்ற வழக்கமான புத்தக அளவு, உள்ளே மேப்லிதோ என்ற வெள்ளை அச்சுத் தாள், மொத்தம் 112 பக்கம். சேர்ந்து அச்சாகும் பதினாறு பக்கம் ஒரு ஃபாரம், ஆக ஏழு ஃபாரம். எங்கள் லேஅவுட் 114 பக்கத்தில் வந்து நின்றது. அச்சகத்து அண்ணாச்சி பார்த்துவிட்டு, "தம்பி, ரெண்டு பக்கத்துக்காக இன்னொரு ஃபாரம் ஓட்டணும். ஒண்ணு குறைச்சுட்டு வாங்க, இல்லேன்னா இன்னொரு கதை கொண்டாங்க" என்றார். குறைத்தோம். ஆஃப்செட் அச்சில் பிளேட் என்ற அச்சுத்தகட்டின் செலவு எத்தனை பிரதி போட்டாலும் அதேதான், அதனால் பிரதி கூடக்கூட ஒரு பிரதியின் விலை இறங்கும். முந்நூறுக்குக் கீழே என்றால் டிஜிட்டல் அச்சையும் விசாரித்துப் பாருங்கள். நாங்கள் ஐந்நூறு போட்டோம்.

எழுத்துரு பற்றி ஒரு எச்சரிக்கை. கதைகள் இப்போது எல்லாக் கணினியிலும் படிக்கக்கூடிய யூனிகோடில் வரும், பக்கம் அமைத்துத் தரும் சில டிடிபி மையங்கள் இன்னும் பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் வேலை செய்கின்றன. அப்படி மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறிவிடும். 'கொ', 'கோ' வரும் சொற்களையெல்லாம் மறுபடி பார்க்க வேண்டியிருந்தது. இன்டிசைன் என்ற மென்பொருளில் யூனிகோடிலேயே பக்கம் அமைப்பவரைத் தேடிப் பிடித்தால் இந்தத் தொல்லை இல்லை. பிழை பார்க்கும் ப்ரூஃபைத் தாளில் எடுத்து, கதையைப் படித்திராத ஒருவரிடம் கொடுங்கள்.

அடுத்து தபால். இதழ்களுக்கான சலுகைக் கட்டணம் 31 நாளுக்கு மேல் இடைவெளி விடாத இதழ்களுக்குத்தான், காலாண்டிதழுக்குக் கிடைக்காது. 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபாலும் விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது. சந்தாவை முடிவு செய்யுமுன் ஒரு பிரதியை உறையில் போட்டு எடை பார்த்துக்கொள்ளுங்கள். மலேசியா, சிங்கப்பூரில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் ஆர்வமாகக் கேட்டார்கள். தபால் செலவு இதழ் விலையைத் தாண்டியதால் அவர்களுக்கு மின்னிதழ் மட்டும் அனுப்பினோம். அதைப் படித்துவிட்டுத் தங்கள் வீட்டில் கேட்ட பர்மாக் கதைகளைச் சிலர் எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.

இரண்டாம் இதழுக்குக் கதை வாங்கத் தொடங்கிவிட்டோம். நான்காயிரம் சொல்லுக்குள், யூனிகோடில் இருக்க வேண்டும். இந்தமுறை புதிதாக ஒன்று கேட்கிறோம். உங்கள் கதையில் இருக்கும் மாயம் எதைச் செய்யும், எதைச் செய்யாது, அதற்கு யார் என்ன விலை கொடுக்கிறார்கள் என்று தனியாக ஒரு பத்தி எழுதி இணைக்க வேண்டும். அது அச்சில் வராது, நாங்கள் படிப்பதற்கு மட்டும்.