மெடிசின் கிடைக்காத நான் மரபணு ஆய்வுக்குப் போன வழி

முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கம் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற பிள்ளைகளோடு கதைத்தால் கடைசியில் ஒரு கேள்வி வரும்: "அக்கா, மெடிசின் கிடைக்காட்டி வேற என்ன செய்யலாம்?" எனக்கும் கிடைக்கவில்லை. என் இசட் புள்ளி முல்லைத்தீவு மாவட்ட வெட்டுப்புள்ளியை எட்டவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிடைத்தது. இன்று ஜெர்மனியில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். ஒரு மரபணு எப்போது, எந்த இழையத்தில், எவ்வளவு வேலை செய்யவேண்டும் என்பதை எது தீர்மானிக்கிறது, அந்தத் தீர்மானம் பரிணாமத்தில் எப்படி மாறுகிறது என்பதே என் ஆய்வு. இப்படி ஒரு வழி இருக்கிறது என்று எனக்கு அந்த வயதில் யாரும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உயர்தரப் பாடத்தில் மரபணு என்றால் புரதம் செய்வதற்கான குறிப்பு என்று படிப்போம். அது பாதிக் கதை. பக்ரீரியாவில் மரபணுக்கள் தேவைக்கேற்ப இயக்கப்பட்டும் நிறுத்தப்பட்டும் வருகின்றன என்பதை 1961இல் ஜாக்கோப், மொனோ என்ற இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள் விளக்கினார்கள். 1965இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. 1975இல் மேரி-கிளெயர் கிங், அலன் வில்சன் இருவரும் மனிதரின் புரதங்களையும் சிம்பன்சியின் புரதங்களையும் ஒப்பிட்டுவிட்டு, இந்தச் சின்ன வித்தியாசத்தை வைத்து இரண்டு உயிரினங்களும் இவ்வளவு வேறாக இருப்பதை விளக்க முடியாது, மரபணுக் கட்டுப்பாட்டில்தான் பெரிய மாற்றம் நடந்திருக்கவேண்டும் என்று எழுதினார்கள். அப்பாவுக்கு நான் இதைக் குளத்தை வைத்துத்தான் சொன்னேன். இரண்டு வயலுக்கும் ஒரே குளத்துத் தண்ணீர்தான், ஆனால் துருசை எப்போது, எவ்வளவு திறக்கிறார்கள் என்பதில் விளைச்சல் வேறாகிவிடும்.

என்னைப் பிடித்து இழுத்தது நெல். குளக்கரைகளில் நிற்கும் காட்டு நெல்லைத் தொட்டாலே மணி கொட்டுண்டுவிடும். வயல் நெல் அறுக்கும்வரை கதிரில் நிற்கும். நின்றபடியால்தான் மனிதர் அதை விதைத்து அறுக்க முடிந்தது. 2006இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதற்கான காரணங்களில் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். நெல்லின் முழு மரபுத்தொகுதியில் ஏறக்குறைய 39 கோடி டி.என்.ஏ எழுத்துகள். கியூ.எஸ்.எச்.1 என்ற மரபணுவிலிருந்து 12,000 எழுத்துகள் தள்ளி, ஒரேயொரு எழுத்து மாறியிருக்கிறது. புரதத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மணியின் அடியில் அது கழன்று விழுவதற்கான படை உருவாகும் இடத்தில் மட்டும் அந்த மரபணு வேலை செய்யாமல் போகிறது, மற்ற இடங்களில் வழமைபோல இயங்குகிறது. இது ஜப்பொனிக்கா என்ற நெல்வகையில் நடந்தது. எங்கள் நெல் பெரும்பாலும் இந்திக்கா என்ற மற்ற வகை. எஸ்.எச்.4 என்ற இன்னொரு மரபணுவில் புரதத்தையே மாற்றி உதிர்வைக் குறைக்கும் ஒரு மாற்றம் இரண்டு வகைக்கும் பொதுவாக இருக்கிறது. அப்படியிருந்தும் இந்திக்கா இனங்களுக்குள்ளேயே சிலது அதிகம் உதிர்கிறது, சிலது உதிர்வதில்லை. ஏன்? மூன்றாம் வருடத்தில் விரிவுரையில் கேட்ட அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

ஆங்கிலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உயர்தரம் வரை தமிழில் படித்துவிட்டு ஆங்கில விரிவுரைக்குள் போவது கடினம்தான். ஆனால் அது முதல் வருடத்துக் கடினம். அதைக் காரணம் காட்டி ஆய்வு எங்களுக்குச் சரிவராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பட்டத்துக்குப் பிறகு பேராதனையில் முதுதத்துவமாணிக்குச் சேர்ந்தேன், ஓர் ஆய்வுத் திட்டத்தில் உதவியாளராக மாதச் சம்பளத்தோடு. இந்தப் படியைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். கன்னொறுவையிலுள்ள தாவர மரபுவள நிலையத்தின் விதைச் சேகரிப்பில் பாரம்பரிய நெல்லினங்களும் காட்டு நெல்லும் இருக்கின்றன. இலங்கையில் காட்டு நெல் இனங்கள் ஐந்து. அதில் ஒறைசா ரைசோமாற்றிஸ் உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை, எங்கள் வறண்ட வலயத்துக்கே உரியது. வன்னிக் காடும் குளமும் வெறும் பின்தங்கிய பிரதேசம் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த எனக்கு அதைப் படித்தபோது வந்த சந்தோசத்தைச் சொல்லத் தெரியவில்லை.

மரபணு இயங்குகிறதா என்று பார்க்க, அது இயங்கும்போது உருவாகும் நகலான ஆர்.என்.ஏ வேண்டும். அது மிக விரைவாகச் சிதையும். கதிர்க்காம்பை வெட்டியவுடன் திரவ நைதரசனில் போட்டு, பிறகு -80 பாகையில் வைக்கவேண்டும். மின்சாரம் நீண்ட நேரம் போனால் ஒரு போகத்து மாதிரிகள் முழுவதும் வீணாகலாம். அதனால் காத்திருக்கும் காலங்களில் கணினிப் பகுப்பாய்வு படித்தேன். உலகெங்கும் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆர்.என்.ஏ தரவுகள் அமெரிக்காவின் என்.சி.பி.ஐ தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதைப் பகுப்பாய்வு செய்யும் ஆர் என்ற கணினி மொழியும் லினக்ஸ் இயங்குதளமும் இலவசம். மல்லாவியில் இருந்துகொண்டே ஒரு சாதாரண மடிக்கணினியில் உண்மையான ஆய்வு ஒன்றைத் தொடங்கலாம். கலாநிதிப் படிப்புக்கான நேர்முகத்தில் அதிகம் கேட்டதும் இந்தப் பகுப்பாய்வைப் பற்றித்தான்.

விண்ணப்பத்தில் முக்கியமானது பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சல். "உங்கள் ஆய்வில் எனக்கு மிகுந்த ஆர்வம்" என்ற வரியை எல்லோரும் எழுதுகிறார்கள். அவருடைய அண்மைய கட்டுரை ஒன்றை முழுவதும் வாசித்து, அதிலிருந்து எழும் ஒரு கேள்வியை நாலு வரியில் எழுதவேண்டும். நான் எழுதியது கலப்பின நெல்லைப் பற்றி. இரண்டு இனங்களைக் கலந்தால் பிள்ளைச் செடியின் ஒரே கலத்துக்குள் இரண்டு பெற்றோரின் மரபணுப் பிரதிகளும் இருக்கும், சூழல் இரண்டுக்கும் ஒன்றே. அங்கேயும் ஒரு பிரதி கூடவும் மற்றது குறையவும் இயங்கினால், காரணம் அந்த மரபணுவுக்குப் பக்கத்திலுள்ள டி.என்.ஏயிலேயே இருக்கிறது என்று பிரித்தறியலாம். பழ ஈக்களில் 2004இல் செய்து காட்டிய முறை இது. அதை உதிரும் நெல்லில் செய்யலாமா என்று கேட்டேன். பலர் பதில் போடவில்லை. ஒருவர் அடுத்த நாளே போட்டார்.

வீட்டில் வந்த கேள்வி வேறு. "எவ்வளவு கட்டவேணும் பிள்ளை? காணியை ஈடு வைக்கவேணுமோ?" என்று அப்பா கேட்டார். ஏஜென்சிக்காரர் சொல்லும் தொகைகளைக் கேட்டுப் பழகிய ஊர். இதை எல்லாப் பெற்றோரும் தெரிந்துகொள்ளவேண்டும்: விஞ்ஞானத்தில் கலாநிதிப் படிப்புக்கு நல்ல இடங்களில் மாணவர் காசு கட்டுவதில்லை, அவர்கள்தான் எங்களுக்குத் தருகிறார்கள். ஜெர்மனியில் அது பெரும்பாலும் வேலை ஒப்பந்தம். பல இடங்களில் அங்குள்ள பொதுத்துறைச் சம்பள அட்டவணையில் ஈ13 என்ற தரத்தின் 65 வீதம், அதற்குள் மருத்துவக் காப்புறுதியும் ஓய்வூதியப் பங்கும் அடக்கம். காசு கேட்டு இடம் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள்.

பத்திரங்களுக்கு நாள் எடுக்கும். 2009இல் எங்கள் வீட்டில் எஞ்சியது கொஞ்சம். என் சாதாரண தரச் சான்றிதழும் போய்விட்டது. பரீட்சைத் திணைக்களத்தில் சுட்டெண்ணைக் கொடுத்துப் பெறுபேற்றுச் சான்றிதழ் எடுக்கலாம், பிறப்புச் சான்றிதழைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். தமிழில் உள்ளதைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, பிறகு வெளிநாட்டலுவல்கள் அமைச்சில் உறுதிப்படுத்தவேண்டும். பெயரின் ஆங்கில எழுத்துகள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலே பாருங்கள். அப்பாவின் பெயர் முதலில் வரும் எங்கள் முறை அங்கே குழப்பும். முதல் ஆய்வுக் கட்டுரையில் எந்தப் பெயரைப் போடுகிறீர்களோ அதையே கடைசிவரை வைத்திருங்கள்.

கலாநிதிக் காலத்தில் முதல் வருடம் பரிசோதனைகள் பெரும்பாலும் சரிவராது. எல்லோருக்கும் அப்படித்தான். அதற்குப் பிறகான நிலையை மறைக்கக்கூடாது. கலாநிதிப் பட்டத்துக்குப் பின்னரான ஆய்வு வேலைகள் பெரும்பாலும் தவணை ஒப்பந்தங்கள். ஜெர்மனியில் பட்டத்துக்கு முன் ஆறு வருடம், பின் ஆறு வருடம் என்று சட்டமே எல்லை போடுகிறது. நிரந்தரப் பதவிகள் மிகக் குறைவு. இப்போது ஜெர்மனியிலும் விண்ணப்பிக்கிறேன், இலங்கைப் பல்கலைக்கழகங்களின் விரிவுரையாளர் விளம்பரங்களையும் பார்க்கிறேன். பாரம்பரிய நெல்லினங்களில் உதிர்வு எந்தக் கட்டுப்பாட்டு மாற்றத்தால் வருகிறது என்ற வேலையில் பாதிதான் முடிந்திருக்கிறது. மீதியைச் செய்யக் கணினிப் பகுப்பாய்வு தெரிந்த, வயலுக்குள் இறங்கப் பஞ்சிப்படாத பிள்ளைகள் வேண்டும். விவசாய பீடத்திலோ வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ உயிரியல் சார்ந்த பாடம் படிப்பவர்கள் இரண்டாம் வருடத்திலேயே ஒரு விரிவுரையாளரிடம் போய், விடுமுறையில் ஆய்வுகூடத்தில் நிற்கலாமா என்று கேளுங்கள்.