இந்த ஸ்டாம்ப் எந்த ஊரில் வாங்கியது?

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுவது எப்படி என்று இதுவரை இரண்டு முறை செய்தி எழுதியிருக்கிறேன். ‘பத்து ரூபாய் போதும், 30 நாளில் பதில்’ என்று தலைப்பு வைத்ததும் நான்தான். இப்போது அந்தத் தலைப்பு கண்ணில் பட்டால் காது மடல் சூடாகிறது. நானே ஒரு மனுப் போட்டு, பதில் என்று ஒரு தாள் கைக்கு வந்து சேர 71 நாள் ஆனது. பஸ் செலவு தனிக்கணக்கு.

வீடு வேலந்தாவளத்தில், தமிழ்நாட்டை ஒட்டிய கேரள எல்லையில். கோயம்புத்தூரிலிருந்து நடக்கும் ஓர் இணையச் செய்தித் தளத்துக்கு எல்லைப் பகுதிச் செய்தியாளன். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகா என் வட்டாரம். ஒருமுறை சித்தூரில் தென்னை விவசாயிகள் மறியல் என்று அனுப்பினேன். டெஸ்க்கில் அதை ஆந்திரச் செய்திகளோடு ஏற்றிவிட்டார்கள். மாலை வரை யாருக்கும் தெரியவில்லை. ஒரு நாளைக்கு ஐந்து செய்தி கணக்கு. வாளையாறில் லாரிகள் வரிசை கட்டினால் ஒன்று, தோப்புக்குள் யானை இறங்கினால் ஒன்று, மீதி மூன்றுக்கு இரு சக்கர வாகனமும் என் அதிர்ஷ்டமும் பொறுப்பு. இப்படி ஓடுகிற பிழைப்பில் 71 நாள் ஒரு தாளுக்காகக் காத்திருப்பது என்ன கூத்து என்று ஆசிரியர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

எங்கள் தெருவில் யாருக்கு மலையாளத்தில் அரசுக் கடிதம் வந்தாலும் என்னிடம் கொண்டுவருவார்கள். எதிர்வீட்டுப் பெரியம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்து, நான் வாசித்துச் சொல்வதைக் கேட்பார். 1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் தமிழர்களும் கன்னடர்களும் அங்குள்ள அரசு அலுவலகங்களுக்குத் தங்கள் மொழியிலேயே எழுதலாம். பதிலும் அதே மொழியில் வர வேண்டும். இதைச் சொன்னதும் பெரியம்மா, “அப்படியானால் இது ஏன் இப்படி வந்தது?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால்தான் தாலுகாவில் உள்ள ஓர் அலுவலகத்துக்கு மனு எழுதினேன். நான்கே கேள்விகள். மூன்று ஆண்டுகளில் தமிழில் வந்த கடிதங்கள் எத்தனை, தமிழில் பதில் போனவை எத்தனை, தமிழ்க் கடிதங்களைக் கவனிக்க யாராவது இருக்கிறார்களா, எந்தெந்தப் படிவங்கள் தமிழில் கிடைக்கும்.

முதல் நடை என் பிழையால் வீணானது. மத்திய அரசு அலுவலகங்களுக்கு அனுப்பும் பழக்கத்தில் போஸ்டல் ஆர்டர் வைத்திருந்தேன். இங்கே எடுக்க மாட்டோம் என்று திருப்பிவிட்டார்கள். பணமாகக் கட்டுகிறேன் என்றால் ரசீதுப் புத்தகம் தீர்ந்துவிட்டதாம்.

அடுத்த வாரம் ஒரு வழக்குச் செய்திக்காகப் பொள்ளாச்சி நீதிமன்றத்துக்குப் போனவன், அப்படியே பக்கத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் வாங்கி, எச்சில் தொட்டு மனுவில் ஒட்டி, பெரிய காரியம் முடித்தவன் போல நேராக அலுவலகத்துக்கு வந்தேன். தபால் வாங்கும் இருக்கையில் இருந்தவர் மனுவைப் படிக்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஸ்டாம்ப்பை மூக்கருகே கொண்டுபோனார்.

“இந்த ஸ்டாம்ப் எந்த ஊரில் வாங்கியது?”

“பொள்ளாச்சியில், சார்.”

‘தமிழ்நாடு’ என்று அச்சிட்டிருந்த இடத்தை நகத்தால் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினார். பிறகு தாளை என் பக்கமாகத் திருப்பி வைத்தார். கோர்ட் ஸ்டாம்ப் அந்தந்த மாநிலத்துக்குத்தான் செல்லும். எல்லையில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பால், கோழி, மணல், கள் என்று எது எந்தச் சாவடியைத் தாண்டக் கூடாது என்று தினமும் எழுதுகிறேன்; ஸ்டாம்ப்பும் தாண்டாது என்பது மட்டும் தோன்றவில்லை.

மூன்றாம் நடை. சித்தூரில் ஸ்டாம்ப் விற்பவரிடம் பத்து ரூபாய் வில்லை இல்லை. ஐந்து ரூபாய் வில்லை இரண்டு வாங்கி ஒட்டினேன். ஸ்டாம்ப் சரியானதும்தான் அந்த மனிதர் மனுவைப் படிக்கவே ஆரம்பித்தார். இரண்டு வரி போனதும் நிமிர்ந்தார்.

“இது தமிழ் அல்லே?”

“ஆமாம், சார்.”

“மலையாளத்தில் எழுதிக்கொண்டு வா. நாளே வா.”

தமிழில் வந்த கடிதங்கள் எத்தனை என்று கேட்கிற மனுவை, தமிழில் இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுக்கிறார். அவர் முகத்தில் கேலியோ கோபமோ ஒன்றும் இல்லை. எனக்கும் அந்த இடத்தில் ஒன்றும் உறைக்கவில்லை. கொழிஞ்சாம்பாறை தாண்டி, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோதுதான் சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

ஆசிரியரிடம் சொன்னேன். “திருப்பிக் கொடுத்ததுதானே செய்தி? இருநூறு வார்த்தை எழுதி அனுப்பு, சாயங்காலம் போட்டுவிடலாம்” என்றார். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். கையில் ஒன்றுமில்லை. வாங்க மறுத்தார் என்பதற்கு முத்திரை இல்லை, தேதி இல்லை, அவர் கையெழுத்தில் ஒரு கோடுகூட இல்லை. நாளைக்கே ‘அப்படி ஒருவர் வரவேயில்லை’ என்றால் என் இருநூறு வார்த்தைக்கு யார் சாட்சி? எனக்கு மலையாளம் எழுதத் தெரியும். பத்து நிமிடத்தில் மாற்றி எழுதிக் கொடுத்தால் வேலை முடிந்தது. ஆனால் அப்படிக் கொடுத்தால் கேள்வியே செத்துப்போகும்.

எங்கள் ஊர்ப் பழைய தமிழ் வாத்தியார் மாலையில் டீக்கடையில் இருப்பார். மனுவைக் காட்டினேன். படித்துவிட்டு, “தம்பி, கடைசிப் பத்தியில் எதற்கு இவ்வளவு ஆத்திரம்? அதை எடுத்துவிட்டு, தலைப்பில் சட்டத்தின் பெயரைப் போடு” என்றார். பத்திரிகையாளன் என்று கீழே போட்டிருந்ததையும் அடிக்கச் சொன்னார். தகவல் கேட்கக் காரணம் சொல்லத் தேவையில்லை என்று தகவல் உரிமைச் சட்டமே சொல்கிறது. கேட்பவர் குடிமகனாக இருந்தால் போதும். பத்திரிகையாளன் என்று பார்த்ததுமே சிலர் கோப்பை மூடிவிடுவார்கள் என்பது அவர் அனுபவம். 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தலைப்பில் போட்டு, என் பெயர், வீட்டு முகவரி மட்டும் எழுதி, 12-ஆம் நாள் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பினேன். நேரில் கொடுத்தால்தானே திருப்பிக் கொடுப்பார்கள்?

மனுப் போடுகிறவர்களுக்கு ஒன்று. அஞ்சலக ரசீதை வாங்கிய நிமிடமே கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் பர்ஸில் செருகிவிட்டு மறந்துவிட்டேன். முப்பது நாள் கடந்து மேல்முறையீடு எழுத உட்கார்ந்தபோது எடுத்துப் பார்த்தால் வெறும் மஞ்சள் தாள். வெயிலும் வேர்வையும் எழுத்தைத் தின்றுவிட்டன. டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, சாய்த்துச் சாய்த்து, ஒவ்வோர் எண்ணாக நானும் தங்கையும் மீட்டெடுத்தோம். அது 3-ஆ 8-ஆ என்று ஓர் இலக்கத்தில் அரைமணி நேரம் சண்டை. 8 என்று போட்டதும் இணையத்தில் ‘பட்டுவாடா செய்யப்பட்டது’ என்று தேதியோடு வந்தது. அந்த மாதத்தில் நான் எழுதிய எந்தச் செய்திக்கும் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

முப்பது நாளில் பதில் வராவிட்டால் மறுத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். அதற்கடுத்த முப்பது நாளுக்குள் அதே துறையின் மேலதிகாரியிடம் முதல் மேல்முறையீடு. அனுப்பினேன்.

ஓணம் நெருங்கியிருந்தது. மீனாட்சிபுரம் சாவடியில் தமிழ்நாட்டிலிருந்து வரும் பாலைச் சோதிப்பதை நேரலையில் சொல்லிக்கொண்டிருந்தேன். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. இரண்டு முறை துண்டித்தேன். மூன்றாவது முறை நேரலையே நின்றுவிட, எடுத்தேன்.

“விவராவகாசம் (தகவல் உரிமை மனு) கொடுத்த ஆள்தானே? அப்பீலுக்கெல்லாம் ஏன் போனீர்கள்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே.”

மூன்று நடை நடந்து சொன்னேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. வாத்தியார் அடித்த கடைசிப் பத்தி ஞாபகத்துக்கு வர, “பதிலை எழுத்தில் அனுப்புங்கள், சார்” என்று மட்டும் சொன்னேன். டெஸ்க்கிலிருந்து ‘பால் எங்கே?’ என்று குறுஞ்செய்தி வந்துகொண்டே இருந்தது.

71-ஆம் நாள் பதில் வந்தது. ஒரே தாள், கையால் எழுதியது, தமிழில். எழுத்துகளில் மலையாளத்தின் உருண்டை அப்படியே இருந்தது. ‘ன’வும் ‘ண’வும் இடம் மாறியிருந்தன, ‘பதிவேடு’ இரண்டு இடத்திலும் ‘பதிவெடு’ ஆகியிருந்தது. யாரோ அக்கறையாக உட்கார்ந்து எழுதியிருக்கிறார். முதல் இரண்டு கேள்விகளுக்கும் ‘தனிப் பதிவேடு இல்லை’. மூன்றாவதற்கு ‘இல்லை’. நான்காவதற்கு ‘இணையதளத்தைப் பார்க்கவும்’. கீழே இருந்த முத்திரை மட்டும் மலையாளத்தில்.

பெரியம்மாவிடம்தான் முதலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவரே சத்தமாக வாசித்தார். “இல்லை என்பதைச் சொல்லவா இத்தனை நாள்?” என்றார், ஆனாலும் தாளை உடனே திருப்பித் தரவில்லை. முந்நூறு வார்த்தை எழுதினேன். படத்தோடு வந்தது. அன்று அதற்கு மேலே யானை இருந்தது.

தனிப் பதிவேடு இல்லையென்றால் போகட்டும், வந்த தபாலைப் பதியும் பேரேடு இருக்குமல்லவா? பதிவேடுகளை நேரில் பார்வையிடவும் இதே சட்டத்தில் உரிமை உண்டு. மறு வாரம் அதற்கொரு மனு எழுதி, தமிழில்தான், அதே இருக்கைக்குப் போனேன். அவர் கண்ணாடியை ஏற்றினார், ஸ்டாம்ப்பைப் பார்த்தார், நான் கேட்காமலேயே நகலில் முத்திரை குத்திக் கொடுத்தார். “மேலே ஆட்சிமொழி எல்லாம் எழுதியிருக்கிறாயா?” என்று மட்டும் கேட்டார்.

வியாழக்கிழமை 11 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். பர்ஸில் பத்து ரூபாய் ஸ்டாம்ப் இரண்டு வைத்திருக்கிறேன். சித்தூரில் வாங்கியது.