கேம் ஆடுறப்ப கம்ப்யூட்டர் பொசுக்குன்னு ஆஃப் ஆனா உடனே ஃபார்மட் பண்ணாதீங்க

மூணு வாரமா நிம்மதியே இல்ல. கேம் ஓப்பன் பண்ணி பத்து நிமிஷம், சில நாள் இருபது நிமிஷம் ஓடும், அப்புறம் கரெண்ட் போன மாதிரி மொத்தமும் ஆஃப், ரெண்டு செகண்ட்ல தானா ஆன் ஆயிரும், ப்ளூ ஸ்கிரீன் கூட வராது. பிரௌசர், எக்செல்னு நாள் பூரா வேலை பார்த்தா ஒண்ணும் ஆகல. காரைக்குடில ஒரு கடைக்குத் தூக்கிட்டுப் போனேன், திறந்துகூட பார்க்காம விண்டோஸ் போச்சு, ஃபார்மட் பண்ணணும்னாங்க, சரின்னு பண்ணிட்டு வந்தா அன்னைக்கி ராத்திரியே மறுபடி ஆஃப். ஐயாவோட சதாபிஷேகப் போட்டோ எல்லாம் டி டிரைவ்ல இருந்ததால தப்பிச்சுது, இல்லன்னா அதுவும் போயிருக்கும், இப்ப நினைச்சாலும் வயிறு கலங்குது.

அப்புறம்தான் நானே உக்காந்தேன். விண்டோஸ் நடந்ததையெல்லாம் பதிஞ்சு வைக்கிற ஈவன்ட் வியூவர்ல கெர்னல்-பவர் 41னு வரிசையா நின்னுச்சு. அது காரணம் இல்லங்க, ஒழுங்கா ஷட்டவுன் ஆகாம நின்னுருச்சுன்னு அடுத்த தடவை ஆன் ஆகும்போது விண்டோஸ் எழுதி வைக்கிற குறிப்பு, அவ்வளவுதான். ஆனா டீடெயில்ஸ்ல பக்செக் கோடுன்னு ஒரு எரர் நம்பர் இருக்கும், எனக்கு 0ன்னு இருந்துச்சு. ப்ளூ ஸ்கிரீன் வந்திருந்தா பெரும்பாலும் வேற நம்பர் பதிவாகியிருக்கும், 0ன்னா பவர் பக்கம் முதல்ல சந்தேகப்படணும்.

இருந்தாலும் ஒண்ணொண்ணா கழிச்சுக்கிட்டே வந்தேன். ரேமைக் கழட்டி தங்கக்கலர் பல்லை பென்சில் ரப்பரால தேய்ச்சு மாட்டினேன், ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86 புரோகிராமை ராத்திரி பூரா ஓட விட்டேன், ஒரு எரர் இல்ல. ஹீட்டும் 80 டிகிரி தாண்டல. அப்ப ஒரு யோசனை வந்துச்சு, அதே கேமை 30 எஃப்பிஎஸ்ல (செகண்டுக்கு 30 படம்) லாக் பண்ணி ஆடிப் பார்த்தேன், ரெண்டு மணி நேரம் அசையல. லாக்கை எடுத்தேன், எட்டே நிமிஷத்துல ஆஃப். கிராஃபிக்ஸ் கார்டு கம்மியா கரெண்ட் இழுத்தா நிக்குது, முழுசா இழுத்தா விழுது.

எஸ்எம்பிஎஸ்ஸை, அதான் உள்ள எல்லாத்துக்கும் கரெண்ட் குடுக்கிற பெட்டியை, வெளிய எடுத்து லேபிளைப் படிச்சேன். பெருசா 500 வாட்ஸ்னு போட்டிருக்கு, கீழ பொடி எழுத்துல 12 வோல்ட்டுக்கு 18 ஆம்பியர்! பெருக்கினா 216 வாட்ஸ்தான். கார்டும் பிராசஸரும் சாப்பிடுறதே அந்த 12 வோல்ட்லதான், என்கிட்ட இருக்கிற ஆர்எக்ஸ் 580 கார்டு மட்டும் 185 வாட்ஸ், பிராசஸர் 65, கூட்டிப் பாருங்க. ஃப்ரெண்டோட எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டி நாலு நாள் ஆடினேன், ஒரு தடவைகூட ஆஃப் ஆகல, புதுசு வாங்கிட்டேன்.

இன்னொன்னும் அப்பதான் கண்டுபிடிச்சேன். கேபினட்டைத் தொட்டா விரல் சுர்ருங்கும், இத்தனை நாள் அதை நான் கண்டுக்கவே இல்ல. எங்க வீடு ஐயா காலத்துக்கு முந்தி கட்டினது, மரச்சட்டத்துல ஓடுற பழைய வயரிங், மூணு பின் சாக்கெட் இருக்கு ஆனா எர்த் பின்னுக்குப் பின்னாடி வயரே இல்ல. எஸ்எம்பிஎஸ் உள்ள இருக்கிற ஃபில்டர் கசியிற கரெண்டை எர்த்ல விடும், எர்த் இல்லன்னா அது கேபினட்லயே நிக்கும். எலக்ட்ரீசியன் அண்ணனைக் கூப்பிட்டு பின்கட்டுல குழி வெட்டி கரியும் உப்பும் போட்டு புது எர்த் இழுத்தோம், சுர்ருங்கிறது நின்னுருச்சு. இங்க பழைய வீட்ல சிஸ்டம் வச்சிருக்கவங்க தயவுசெஞ்சு இதைப் பாருங்க, உயிர் விஷயம்.

இதுக்கு நடுவுல தேவகோட்டை ஆச்சி (அக்கா) மகன், பதினொண்ணு படிக்கிறான், "அம்மான், கேமிங் சிஸ்டம் சொல்லுங்க, முன்னாடி ஃபுல்லா கண்ணாடி வச்ச கேபினட்தான் வேணும்"னு நிக்கிறான். நம்ம ஊரு சித்திரை வெயிலுக்கு முன்பக்கம் மெஷ் இருக்கிற கேபினட்தான் சரி, கண்ணாடி மூடினா காத்து எங்கேருந்து வரும்? 1080பி மானிட்டர்தான் அவன்கிட்ட இருக்கு, அதுக்கு ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு போதும், 115 வாட்ஸ்தான் இழுக்கும். பிராசஸர் ரைசன் 5 7600. நான் இதைப் பிடிச்சு நிக்கிறதுக்கு முக்கியமான காரணம், உள்ளயே சின்ன கிராஃபிக்ஸ் இருக்கு, நாளைக்கு ஏதாவது பிரச்சனைன்னா கார்டைக் கழட்டிட்டும் டிஸ்ப்ளே வரும், கார்டா வேற எதாவதான்னு வீட்லயே பார்த்துரலாம். போர்டுல பிராசஸர் உக்கார்ற இடம் ஏஎம்5 சாக்கெட்டுங்கிறதால பின்னாடி பிராசஸர் மட்டும் மாத்திக்கலாம். ரேம் 16 ஜிபி ஒத்தையா வேணாம், 8 ரெண்டு. எஸ்எம்பிஎஸ் நல்ல கம்பெனி 550 வாட்ஸ், 80 பிளஸ் பிரான்ஸ் (கரெண்டை அதிகம் வீணாக்காதுங்கிற முத்திரை), இதுல மட்டும் ஒரு ரூபா குறைக்க விடமாட்டேன்னுட்டேன், வேணும்னா கலர் லைட்டைக் குறைச்சுக்கட்டும்.

டிடிஆர்5ங்கிற புது வகை ரேம் போடுற போர்டு முதல் தடவை ஆன் பண்றப்ப சில நிமிஷம் கருப்பு ஸ்கிரீனாவே நிக்கும், ரேமை அதுவா பழகிக்கிற நேரம் அது, பதறி ஆஃப் பண்ணிராதேன்னும் சொல்லி வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை பார்ட்ஸ் வருது. அதுக்கு முன்னாடி சனிக்கிழமையே எலக்ட்ரீசியன் அண்ணனையும் கூட்டிக்கிட்டு தேவகோட்டை போறேன், ஆச்சி வீட்டு சாக்கெட்ல எர்த் இருக்கான்னு முதல்ல பார்க்கணும்.